வீட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியவில்லையா? யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் வீட்டுக் கடனில் திணறும்போது கடைசியாகத்தான் வங்கிக்குப் போகிறார்கள். அதற்கு முன்பே ஒரு தரகர் வந்துவிடுகிறார். "எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று சொந்தக்காரர் ஒருவர் நம்பர் கொடுக்கிறார். வங்கியில் போய் நிற்க வெட்கம். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். இந்த வெட்கத்தையும் பயத்தையும் வைத்துப் பிழைக்கும் கூட்டம் இந்த ஊரில் பெரிது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தவணையைக் குறைப்பது, காலத்தை நீட்டிப்பது, சில மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்ட அனுமதிப்பது ஆகியவற்றைச் செய்யும் அதிகாரம் உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு மட்டுமே உண்டு. மற்ற எவராலும் உங்களுக்காகப் பேச மட்டும்தான் முடியும். அப்படி நேர்மையாகப் பேசித்தரும் அமைப்பு இந்த நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் படி: கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்

பிரிக்காமல் டிவிக்குப் பின்னால் செருகி வைத்த கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் புளோக்கில் இப்படிப்பட்ட கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது பலருக்குப் பழக்கம். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் கடிதம்தான் சொல்லும்.

தவணை தவறினால் முதலில் வருவது சாதாரண நினைவூட்டல்தான். இந்தக் கட்டத்தில் வங்கியோடு பேசுவது மிக எளிது. மூன்று மாதப் பாக்கி சேர்ந்துவிட்டால் கணக்கு வாராக்கடன் பக்கம் போய்விடும். அடுத்து வங்கியின் வழக்கறிஞரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வரும். அந்த வழக்கறிஞரின் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதற்குப் பிறகு, வீட்டின் கிரான், அதாவது உரிமைப் பத்திரம், உங்கள் பெயரில் வந்து வங்கிக்கு அடமானமாகவும் பதிவாகியிருந்தால், போராங் 16டி என்ற நோட்டீஸ் வரும். குறையைச் சரிசெய்ய அதில் ஒரு மாத அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால், கிரானின் வகையைப் பொறுத்து உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ விற்பனைக்கு உத்தரவிடும். அதுதான் நாம் லேலாங் என்று சொல்லும் ஏலம்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்த்ராத்தா கிரான் எனப்படும் அடுக்குமாடி வீட்டுக்கான தனி உரிமைப் பத்திரம் இன்னும் வராத வீடாக இருந்தால், வாங்கும்போது கடன் ஒப்பந்தத்தோடு வீட்டின் உரிமையையும் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீடுகளை நீதிமன்றப் படியேறாமலே ஏலத்துக்குக் கொண்டுபோக வங்கிக்கு வழி இருக்கிறது. போராங் 16டி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நேரம் கைநழுவிவிடும்.

ஏலத் தேதி குறித்தாகிவிட்டதா? அப்போதும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. அடமானப் பதிவு உள்ள வீட்டில், விற்பனை முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் நிலுவையையும் செலவையும் கட்டி ஏலத்தை நிறுத்த தேசிய நிலச் சட்டம் இடம் தருகிறது. அவ்வளவு பணத்தைப் புரட்டுவதுதான் கடினம்.

இரண்டாம் படி: என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"தவணையைக் குறைச்சுக் குடுங்க" என்று மட்டும் கேட்டால் வங்கி ஊழியர் ஒரு பாரத்தை நீட்டுவார். உங்கள் பிரச்சினை எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வேலை போய்விட்டது, உடல்நலம் சரியில்லை, ஆனால் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றால், குறுகிய காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவோ வட்டி மட்டும் கட்டவோ கேளுங்கள். வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். சம்பளம் அப்படியே இருந்து, வட்டி ஏறியதால் மட்டும் இழுபறி என்றால் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் ஓ.பி.ஆர். விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2023 மே மாதத்தில் 3.00 விழுக்காடாக உயர்ந்தது. 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைந்தது. மிதக்கும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை இதோடு சேர்ந்தே ஏறி இறங்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அடிப்படை விகிதத்துக்கு மேல் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடன்களில் அது இன்றைய புதிய கடன்களைவிட அதிகமாக இருக்கலாம்.

காலத்தை நீட்டிப்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கிக் கடன் 300,000 ரிங்கிட், வட்டி 4.25 விழுக்காடு, இன்னும் 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,858 ரிங்கிட். அதையே 30 ஆண்டுகளாக நீட்டித்தால் 1,476 ரிங்கிட். மாதம் 380 ரிங்கிட்டுக்கு மேல் கையில் நிற்கும். ஆனால் கடன் முடியும்போது கட்டியிருக்கும் மொத்த வட்டி ஏறத்தாழ 85,000 ரிங்கிட் கூடியிருக்கும். அதே கடனுக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டினால் மாதம் சுமார் 1,063 ரிங்கிட். அந்த ஆறு மாதமும் அசல் ஒரு சென்கூடக் குறையாது. இதெல்லாம் தெரிந்தும், வீடு கையைவிட்டுப் போவதைவிட நீட்டிப்பதே மேல் என்று தோன்றினால் தயங்காதீர்கள். நிலைமை சீரானதும் கூடுதலாகக் கட்டிச் சுருக்க முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதும் குறுக்கே வரும். வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டுகள் உச்சவரம்பு. பெரும்பாலான வங்கிகள் கடனாளிக்கு 70 வயது ஆவதற்குள் முடியவேண்டும் என்று பார்க்கும். 58 வயதுக்காரருக்கு 20 ஆண்டு நீட்டிப்பு கிடைப்பது கடினம். வேலை பார்க்கும் மகனையோ மகளையோ கடனில் சேர்க்கலாமா என்ற கேள்வி அங்கேதான் எழும். பிள்ளையின் கடன் பதிவிலும் அது ஏறும் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: வங்கிக்கு நேரில் போங்கள்

கவுண்டரில் பணம் கட்டும் இடத்தில் இதைக் கேட்டுப் பயனில்லை. கடன் மறுசீரமைப்பைக் கவனிக்கும் பிரிவு எது, அங்கே யாரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். சில வங்கிகளில் அந்தப் பிரிவு கிளையில் இருக்காது. அப்படியானால் மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் பேசியது எதுவும் நிற்காது. பேசிய அதிகாரியின் பெயர், தேதி, சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதி, சுருக்கத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? அடையாள அட்டை, மூன்று முதல் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், சேமநிதி அறிக்கை. வேலை போயிருந்தால் நிறுத்தக் கடிதம், நோய் என்றால் மருத்துவச் சான்று. அங்காடிக் கடை, லோரி, டாக்சி என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வரவு செலவு எழுதிய நோட்டும் வங்கியில் பணம் போட்ட பதிவும் போதும் என்று பல அதிகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள். இவற்றோடு வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதி, "மாதம் இவ்வளவு என்னால் நிச்சயமாகக் கட்ட முடியும்" என்று ஒரு தொகையைக் குறிப்பிடுங்கள். அந்தத் தொகை உண்மையாக இருக்கவேண்டும். வங்கியைச் சமாதானப்படுத்தப் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதமே மறுபடி தவறினால், அடுத்த முறை காது கொடுக்கமாட்டார்கள்.

கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடனாக இருந்தால் இருவரின் சம்மதமும் தேவை. பிரிந்து வாழும் தம்பதிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது எம்.ஆர்.டி.ஏ. எனப்படும் காப்பீடு எடுத்தீர்களா என்று பழைய கோப்பைத் தேடிப் பாருங்கள். கடனாளி இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ மிச்சக் கடனை அடைக்கத்தான் அந்தக் காப்பீடு. கணவர் போன பிறகு, அது இருப்பதே தெரியாமல் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மறுசீரமைப்புக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கோரிக்கையைத்தான் முதலில் எழுப்பவேண்டும். நீங்கள் கடன் காலத்தை நீட்டித்தாலும் காப்பீடு தானாக நீளாது. பழைய அட்டவணைப்படி அது முடிந்துவிடும். கடைசி ஆண்டுகளில் பாதுகாப்பே இல்லாமல் நிற்க நேரலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு ஊழியர்கள், அவர்களுக்கு வீட்டுக் கடன் தரும் அரசு அமைப்பான எல்.பி.பி.எஸ்.ஏ. வழியாகக் கடன் வாங்கியிருந்தால் அது வங்கி அல்ல. நேரே அவர்களிடமே விண்ணப்பிக்கவேண்டும்.

நான்காம் படி: ஏ.கே.பி.கே.

வங்கி இழுத்தடிக்கிறது, அல்லது வீட்டுக் கடனோடு கார், கிரெடிட் கார்டு, தனிநபர்க் கடன் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது என்றால் ஏ.கே.பி.கே.தான் உங்கள் இடம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பு இது. கோலாலம்பூரில் தலைமையகம், பினாங்கிலும் கிளை. ஆலோசனைக்கும் கட்டணமில்லை, உங்களுக்காக வங்கிகளோடு பேசுவதற்கும் கட்டணமில்லை. தொலைபேசி எண் 03-2616 7766. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அப்பா அம்மாவை அழைத்துப்போனால் இது பெரிய உதவி.

அங்கே நடப்பது இதுதான். ஆலோசகர் உங்கள் வரவையும் செலவையும் வரிவரியாகக் கேட்பார். பிள்ளையின் டியூஷன், கோயில் நன்கொடை, ஆஸ்ட்ரோ, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்தத் தாளில் வரும். சிலருக்கு இது கூச்சமாக இருக்கும். மறைக்காதீர்கள். மறைத்தால் திட்டம் மூன்று மாதத்தில் உடையும். எல்லாக் கடனையும் ஒன்றாக வைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, கடன் நிர்வாகத் திட்டம் ஒன்றைத் தயாரித்து வங்கிகளுக்கு அனுப்புவார்கள். வங்கிகள் ஒப்புக்கொண்டால் கையெழுத்து.

இதற்கும் விலை உண்டு. கிரெடிட் கார்டுகளை விட்டுவிடவேண்டும். திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடைக்காது. சி.சி.ரிஸ் எனப்படும் பேங்க் நெகாராவின் கடன் பதிவில் அது தெரியும். திவாலானவர்களுக்கும் வழக்கு முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். ஆலோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரரிடம் வாங்கிய கடனை ஏ.கே.பி.கே. கையாளாது. ஆனால் வங்கிக் கடன் சீரானால் அதைச் சமாளிக்கக் கொஞ்சம் மூச்சாவது கிடைக்கும்.

போவதற்கு முன் உங்கள் சி.சி.ரிஸ் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் நெகாராவின் இ-சி.சி.ரிஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடந்த 12 மாதம் எந்தக் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று அதில் தெரியும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் அங்கேதான் வெளிப்படும்.

பணம் கேட்டு வரும் "உதவி"

செந்தூலில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா கொண்டுவந்து காட்டிய தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். தரகர் வீட்டுக்கே வந்திருக்கிறார். நன்றாகத் தமிழ் பேசினாராம், "அக்கா, அக்கா" என்று. "பேங்க்ல நம்ம ஆளு உள்ள இருக்காரு. 3,000 வெள்ளி போடுங்க, தவணை பாதியாயிரும். இதுல ஒரு சைன் மட்டும், சும்மா ஃபார்மாலிட்டி." தாள்கள் எல்லாம் மலாயில். மேலே இருந்தது "சூராட் குவாசா வக்கில்", அதாவது உங்கள் இடத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம். அதற்குக் கீழே "பெர்ஜான்ஜியான் ஜுவால் பெலி", வீட்டு விற்பனை ஒப்பந்தம். விலை எழுதவேண்டிய இடம் காலி, தேதியும் காலி. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி. அந்த அம்மா "மகன் வரட்டும்" என்று சொல்லித் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்து விழுந்திருந்தால் அந்த வீட்டை அவருக்குத் தெரியாமலே வேறொருவர் பெயருக்கு விற்றிருக்க முடியும். வங்கித் தவணைக்கும் அந்தத் தாள்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த ஆட்டத்துக்குப் பல வேடங்கள் உண்டு. சிலர் ஏ.கே.பி.கே. பெயரையே சொல்லி வருவார்கள். ஏ.கே.பி.கே. எந்தத் தரகரையும் நியமிப்பதில்லை, அங்கே போக யாருக்கும் கமிஷன் தரவேண்டியதில்லை. சிலர் "சி.சி.ரிஸ்-ல பேரைக் கிளீன் பண்ணித் தர்றோம்" என்பார்கள். வங்கிகள் அனுப்பும் உண்மையான பதிவை வெளியாள் யாரும் அழிக்க முடியாது. பிழை இருந்தால் திருத்தக் கேட்பது உங்கள் உரிமை, அதற்குப் பணம் தேவையில்லை. சேமநிதிப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கடனைக் குறைக்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க நீங்களே இணையத்திலோ கிளையிலோ விண்ணப்பிக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து சேமநிதி மூன்று கணக்குகளாக இருக்கிறது. வீட்டுக்கான பணம் சுபீட்சக் கணக்கான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து எடுக்கப்படும். ஓய்வுக்கால நிதி என்பதால் எடுப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

இன்னொரு வகை, தவணைப் பாக்கியை அடைக்கக் கடன் கொடுப்பவர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்களை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு கட்டுப்படுத்துகிறது. உரிமம் இருக்கிறதா என்று அந்த அமைச்சின் இணையதளத்திலேயே பார்க்கலாம். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காடுதான் உச்ச வட்டி. கடன் தருவதற்கு முன்பே "புரோசசிங் ஃபீ" கேட்டாலோ, ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வாங்கிக்கொண்டாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் உள்ள எண் என்றால் தெரியும். புகார் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். பணம் போய்விட்டதா? வீட்டாருக்குச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடாதீர்கள். உடனே 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் கைமாறுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு. பிறகு போலீஸ் புகார்.

வக்கீல் எப்போது தேவை

நினைவூட்டல் கட்டத்தில் தேவையில்லை. போராங் 16டியோ நீதிமன்றச் சம்மனோ வந்தால் தேவை. வழக்கறிஞர் மன்றமான பார் கவுன்சிலின் இணையதளத்தில் அவர் பெயரும் அலுவலகமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே போங்கள். தரகர் அழைத்துவரும் வக்கீலை ஏற்காதீர்கள், அவர் யாருடைய வக்கீல் என்பது உங்களுக்குத் தெரியாது. வசதி இல்லாதவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையங்களில் கேட்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நீங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டி வழி கேட்கலாம். 1969-லிருந்து இயங்கும் அமைப்பு அது.

வங்கி முடியாது என்றால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு அதே வங்கியின் புகார்ப் பிரிவு. அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465. வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் சேவை என்ற அமைப்பு 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. தவறாகக் கணக்கிட்ட வட்டி, முறையில்லாத கட்டணம் போன்றவற்றை அங்கே கொண்டுபோகலாம். ஆனால் "எனக்கு மறுசீரமைப்பு தர மறுத்துவிட்டார்கள்" என்ற புகாரை அது விசாரிக்காது, அது வங்கியின் வணிக முடிவு என்று விட்டுவிடும். அங்கே போய் மாதங்களை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் ஒரு வழி, ஆனால் தவணை தவறாமல் இருக்கும்போதுதான் அது நடக்கும். வக்கீல் கட்டணம், முத்திரை வரி, மதிப்பீட்டுக் கட்டணம், முன்கூட்டி முடித்தால் வரும் அபராதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எதுவும் சரிப்படவில்லை, வருமானம் திரும்ப வழியில்லை என்றால், ஏலத்துக்கு விடுவதைவிட நீங்களே விற்பது நல்லது. ஏலத்தில் ஆள் வராவிட்டால் ஒவ்வொரு முறையும் விலையை இறக்குவார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மிச்சத்தையும் உங்களிடம்தான் கேட்பார்கள். அந்த மிச்சம் 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கை வரை போகலாம். விற்கும் எண்ணத்தை வங்கிக்கு எழுதித் தெரிவித்து அவகாசம் கேளுங்கள். பதிவு பெற்ற வீட்டு முகவர் வழியாக விற்கிறீர்கள் என்று காட்டினால் பல வங்கிகள் சில மாதம் பொறுக்கும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும்

புதிய தவணை, புதிய முடிவுத் தேதி, வட்டி விகிதம், பழைய பாக்கியையும் வக்கீல் செலவையும் அசலோடு சேர்த்துவிட்டார்களா, அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்களா என்ற ஐந்தையும் நீங்கள் பேசிய குறிப்போடு ஒப்பிடுங்கள். புரியாத பத்தியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். முத்திரை வரிச் சலுகை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகை பழைய தவணையிலேயே நிற்கிறதா, புதியதுக்கு மாறிவிட்டதா என்று முதல் மாதமே பாருங்கள். ஏலத் தேதி குறித்திருந்தால் அது ரத்தானதற்கான கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மறுசீரமைப்புப் பிரிவு சொன்னது வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய்ச் சேராமல் இருப்பது உண்டு. முதல் தவணை கட்டிய இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை சி.சி.ரிஸ் எடுத்து, புதிய தவணைப்படி பதிவாகிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்தத்தின் நகலோடு வங்கிக்கு எழுதுங்கள்.